வாட்டில் நிழலில் முளைத்தவை

முதுகலை மாணவர்களின் களப்பணிக்கு எப்படி வழிகாட்டுவது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அளவு நாடா பிடிப்பது, தரையில் சதுரம் அளப்பது, பட்டியல் போடுவது இதிலெல்லாம் இளம் ஆசிரியர்களான நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பாதி வேலையைக் கைபேசியிலேயே முடித்துவிடுகிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு மாணவியிடம் நான் சொன்ன ஒரு வாக்கியமும், அதன் பிறகு நடந்தவையும்தான். அதையே எழுதுகிறேன்.

பழனிக்குப் பக்கத்தில் மலையடிவாரக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போவேன். வெயிலில் கிளம்பும் வண்டி, வளைவு வளைவாக ஏறி, ஏதோ ஒரு திருப்பத்தில் மேகத்துக்குள் நுழையும். அதுவரை பாடிக்கொண்டு வந்தவர்களெல்லாம் அந்த இடத்தில் தானாகவே அமைதியாகிவிடுவார்கள். கண்ணாடிக்கு வெளியே மரங்கள் வந்து வந்து கரையும். பெருமாள்மலை தாண்டியதும் நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாலையோரம் வரிசையாகத் தெரியும் வாட்டில் மரங்களைக் காட்டுவேன்.

"இது நம்ம மரமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. தோல் பதனிடப் பட்டை வேணும்னு நட்டாங்க. புல்வெளியெல்லாம் இதுக்கு அடியிலதான் போச்சு. இதோட நிழல்ல எதுவும் முளைக்காது. எழுதிக்கோங்க."

எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். நான் மதிப்பெண் போடுவேன். அந்த மலையின் புல்வெளிகள் போன விதத்தைப் பார்த்தவள் என்பதால் என் குரலில் கோபம் இருக்கும். கோபம் இருந்தால் சொல்வது உண்மைபோலவே கேட்கும். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் மகேஸ்வரி வந்தாள். வில்பட்டிப் பெண். வீட்டில் மலைப்பூண்டும் கேரட்டும் விவசாயம். அப்பா பூண்டு வேலை இல்லாத நாட்களில் மரம் வெட்டப் போவார். அந்த வருஷம் அவள் அம்மா படியில் சறுக்கிக் கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்.

"மேடம், வீட்டுக்குப் பக்கத்துல செய்யுற மாதிரி ஒரு தலைப்பு குடுத்தீங்கன்னா அம்மாவையும் பாத்துக்குவேன்" என்று கேட்டாள்.

அவள் ஊருக்கு மேலே ஒரு பெரிய வாட்டில் காடு இருந்தது. அதன் தரையில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று பட்டியலிடும் வேலையைக் கொடுத்தேன். வனத்துறை அனுமதிக் கடிதமும் வாங்கிக் கொடுத்தேன். மனதுக்குள் நான் நினைத்தது இதுதான்: அங்கே ஒன்றும் இருக்காது, பாவம், சீக்கிரம் முடித்துவிடுவாள்.

ஒரு மாதம் கழித்து நோட்டோடு வந்தாள். மூன்று பக்கத்துக்குப் பெயர்கள். காட்டுச் செண்பகம், மலை நாவல், காட்டு லவங்கம். எல்லாமே சோலைக்காட்டு மரங்கள். மலை மடிப்புகளில், ஓடையோரத்தில் இருண்டு நெருங்கி நிற்கும் அந்தப் பழைய காடுகளில் மட்டுமே நான் பார்த்தவை. அவற்றின் கன்றுகள் வாட்டிலுக்கு அடியில் முளைத்திருப்பதாக எழுதியிருந்தாள்.

சிரித்துவிட்டு, சிவப்பு மையால் கோடு போட்டேன். கன்றின் இலை வேறு மாதிரி இருக்கும், வளர்ந்த மரத்தின் இலை வேறு மாதிரி இருக்கும், ஆரம்பத்தில் எல்லாரும் ஏமாறுவதுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். அதே பெயர்கள். கூடுதலாக இரண்டு.

அன்று ஆய்வகத்தில் வேறு மாணவர்களும் இருந்தார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லலாம், ஓய்வுக்கு முந்தின வருஷத்து அவசரம் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

"ஏன் மகேஸ்வரி, பக்கத்துச் சோலையில எண்ணிட்டு வந்து இங்க எழுதிட்டியா?"

அவள் நோட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அதற்கடுத்த இரண்டு வாரம் கல்லூரிக்கு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் வனத்துறை ரேஞ்சர் ஒருநாள் போன் செய்தார். வில்பட்டிக்கு மேலே இருக்கும் அதே வாட்டில் காட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு, பழையபடி புல்வெளி கொண்டுவரத் திட்டம். திங்கட்கிழமை ஊர்க்காரர்களோடு கூட்டம். நிபுணர் கருத்து என்று ஒரு கடிதம் வேண்டும்.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வேலை வெரசா முடிஞ்சிரும் மேடம்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை வருஷமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில வருஷம் முன்னால் கிழக்குச் சரிவுக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் துறை அறையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடுவதற்குமுன் தேநீர் வந்தது. தம்ளரை வைக்க இடம் தேடியபோதுதான் மேஜையில் மகேஸ்வரியின் நோட்டு இருப்பதைப் பார்த்தேன். தோழியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். புது நோட்டு. பிரித்தேன்.

இந்தத் தடவை பெயர்களே இல்லை. எல்லாம் படங்கள். காட்டிலிருந்து எதையும் பறித்து வரக்கூடாது என்பதால் பென்சிலால் வரைந்திருந்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு கன்று. இலையின் மேல்புறம், அடிப்புறம், நரம்பு, காம்பு. நாலாவது பக்கத்தில் ஒரு சின்னக் கன்று, நாலே நாலு இலை. ஒவ்வொரு காம்பும் தண்டைத் தொடும் இடத்தில், தண்டைச் சுற்றி மெல்லிய மோதிரம் மாதிரி ஒரு கோடு வரைந்திருந்தாள்.

காட்டுச் செண்பகத்தின் இலைமொட்டை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். இலை விரிந்ததும் அது உதிர்ந்து, தண்டில் ஒரு வளைய வடுவை விட்டுப்போகும். பெரிய மரத்தில் இருப்பதைப் பாடப் புத்தகத்தில் காட்டுவார்கள். விரல் நீளக் கன்றில் அதைப் பார்க்க வேண்டுமானால் தரையில் கன்னம் படக் குனிய வேண்டும். கற்பனையில் எழுதுகிற யாருக்கும் அந்தக் கோடு தோன்றாது. அவள் அங்கே படுத்துப் பார்த்திருக்கிறாள்.

தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. கையெழுத்துப் போடாமல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் வெள்ளனே முதல் வண்டியில் கிளம்பினேன். தனியாக அந்த மலை ஏறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எழுந்து நின்று பேச வேண்டியதில்லை என்பதால் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மேகம் உள்ளே வந்து முகத்தை நனைத்தது. கீழே பழனி வெயிலில் கிடந்ததா, நான்தான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேனா என்று தெரியாத ஓர் அரைத் தூக்கம். பெருமாள்மலை எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை.

வில்பட்டியில் வீட்டை விசாரித்துப் போனேன். வாசலில் அவள் அப்பா பூண்டுக் கற்றைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்புக்கு மேலே கற்றைகள் தொங்கின. புகையும் பூண்டும் கலந்த வாசனை வாசல்வரை வந்தது.

"வாங்க டீச்சரம்மா, உள்ள வாங்க! சொல்லியிருந்தா பஸ்ஸுக்கே வந்திருப்பேனே" என்று எழுந்தார்.

"மகேஸ்வரி இருக்காளா?"

"அவ எங்க வீட்டுல கெடக்கா? அம்மாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வெள்ளனேயே காட்டுக்குள்ள போயிருவா. காலேசு சோலி அங்கதான், டீச்சரம்மா சொல்லியிருக்காகன்னா."

நான் என்ன சொன்னேன் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அம்மா, "நல்லா படிக்காளா டீச்சர்?" என்று கேட்டார். "நல்லா படிக்கிறா" என்று சொல்லிவிட்டு, மேலே தொங்கிய பூண்டுக் கற்றைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாதான் காட்டுக்குக் கூட்டிப்போனார். தோளில் வெட்டரிவாள். வெட்டு வேலை தங்கள் ஆட்களுக்குத்தான் என்று பேசியிருப்பதாக வழியில் சொன்னார். பூண்டு எடுத்த பிறகு வேறு வேலை இல்லாத மாதங்களுக்கு அது தாங்கும் என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

காட்டின் ஓரம் நான் பேருந்திலிருந்து பார்த்த மாதிரியே இருந்தது. வறண்ட சருகு, வெறும் தரை. உள்ளே போகப் போக வெளிச்சம் பால் மாதிரி ஆனது. மூடுபனி மரங்களுக்கு நடுவே நின்றது. இலைநுனிகளில் திரண்ட நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை எங்கோ மேலே பெய்து, மறந்துபோய் இங்கே மெதுவாக வந்து சேர்வதுபோல. எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு புதர்த் தவளை டிக், டிக் என்றது. நாங்கள் நின்றதும் அதுவும் நிறுத்திக்கொண்டது.

"டீச்சரம்மா, கால பாத்து வைங்க" என்றார் அவர்.

பாம்போ என்று பயந்து நின்றேன். அவர் என் செருப்புக்குப் பக்கத்தில் காட்டினார். முழங்கால் உயரக் கன்று ஒன்று. இலை பளபளவென்று நனைந்து நின்றது. குனிந்து, ஓர் இலையின் நுனியை மட்டும் விரலால் கசக்கி மோந்தேன். லவங்க வாசனை.

"இருவது வருசமா வாட்டில் வெட்டுறேன். மேல பாத்துத்தான் வெட்டுவோம். கீழ பாக்கணும்னு தோணுனதே இல்ல. இவதான், அப்பா மிதிக்காத, அப்பா மிதிக்காதன்னு கத்துறா" என்றார்.

பார்வை பழகப் பழகத் தரை மாறியது. ஒன்று, இரண்டு, பிறகு சுற்றிலும். பனி விலகும் இடமெல்லாம் கன்றுகள். உயரமான வாட்டில்கள் மேலே நின்று பனியைப் பிடித்துப் பிடித்துக் கீழே சொட்டின. கொண்டைக்குருவிகள் கிளையில் வந்து உட்கார்ந்து எழுந்து போயின. பக்கத்துச் சோலையில் தின்ற பழத்தின் விதையை அவைதான் இங்கே போட்டிருக்க வேண்டும். ஒரு காடு இன்னொரு காட்டுக்கு அடியில், யாரும் கேட்காத குரலில், திரும்பி வந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை இதன் பக்கமாகப் போயிருக்கிறேன், இது எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே.

மகேஸ்வரி கொஞ்சம் மேலே, கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அப்பா, "நான் அந்தப் பக்கம் இருக்கேன்" என்று நகர்ந்துவிட்டார்.

"நான் சொன்னது தப்பு மகேஸ்வரி" என்றேன். "எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதனால எல்லார் முன்னாடியும் திருப்பிச் சொல்லுவேன். இப்ப உன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு வந்தேன்."

அவள் பென்சிலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மொத தடவை நீங்க அடிச்சுக் குடுத்தப்ப என் கண்ணு மேலதான் சந்தேகம் வந்துச்சு மேடம். ரெண்டாந் தடவை படிப்ப விட்டுரலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் வரைஞ்சே?"

"ஊருக்கு வந்த அன்னைக்கு மழை. மறுநா வந்து பாத்தா இந்த எடத்துல புதுசா ஒண்ணு மொளைச்சிருந்துச்சு. எனக்குப் பேரு தெரியல. பாக்காம இருக்க முடியல மேடம்."

அவள் காட்டியது எனக்கும் தெரியவில்லை. இரண்டு விதையிலையும், சுருண்ட ஒரு சிறு தளிரும். "எனக்கும் தெரியலம்மா" என்றேன். அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது. நான் கேட்ட மன்னிப்பு அவளுக்குப் போதவில்லை. தெரியாது என்று சொன்னதுதான் ஏதோ செய்தது.

இனி சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். இந்தக் காட்டில் ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது என்று எழுதினேன். அவ்வளவு பரவசம். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினேன்.

மகேஸ்வரி நோட்டை மூடி வைத்துவிட்டுச் சரிவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், மேல்பக்கம் நீங்க இன்னும் பாக்கலையே" என்றாள்.

ரெட்டைப் பாறையைத் தாண்டி ஏறினோம். மேலே போகப் போக மரங்கள் இளசாகி, இடைவெளி கூடி, பனியும் கலைந்தது. புல்வெளியின் ஓரம். அங்கே கன்றுகள் இல்லை. புல்லைத் தின்றுகொண்டு முன்னேறும் இளம் வாட்டில்கள் மட்டுமே. எங்கே தேடியும் சோலைக் கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"இங்க வெட்டலாம் மேடம். வெட்டலேன்னா இந்தப் புல்லும் போயிரும்" என்றாள்.

எனக்கு அவள்மேல் சின்ன எரிச்சல்கூட வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பாதி வெட்டு, பாதி விடு என்றால் கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. முழுவதும் விடு என்றால் ஒரு கம்பீரம் இருக்கிறது. இத்தனை வருஷம் ஒரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றவள், ஒரே காலையில் எதிர்ப்பக்கம் போய் அதேபோலக் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன். அவள் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தியதுபோல இருந்தது. இரண்டாவது கடிதத்தையும் கிழித்தேன்.

திங்கட்கிழமை கூட்டம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் கழற்றிப் போட்ட ஈரச் செருப்புகள். மகேஸ்வரி பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அப்பா பின்வரிசையில் வெட்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, கீழ்ப்பகுதியை விட்டுவிட வேண்டும், மேல்பகுதியை எடுக்கலாம், இதைக் கண்டுபிடித்தது என் மாணவி, அவள் சொன்னபோது நான் நம்பாமல் அவமானப்படுத்தினேன் என்று சொன்னேன்.

ரேஞ்சர் முகம் சுருங்கியது. "பாதி பாதியா எடுக்குறது ரொம்பக் கஷ்டம் மேடம். அந்தக் கிழக்குச் சரிவுக்கு நீங்கதான முழுசா எடுக்கலாம்னு எழுதிக் குடுத்தீங்க? அங்க ஒரு நியாயம், இங்க ஒரு நியாயமா?"

"அங்க நான் உள்ள போய்ப் பாக்கல சார்" என்றேன்.

மழை கூடத்தின் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது. பிறகு ஒரு பெரியவர், "வெட்டுனா ஊத்துல தண்ணி கூடுமா, குறையுமா? அதச் சொல்லுங்க" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். அவருக்குப் பிடிக்கும்படியான பதில் ஒன்று வாய்வரை வந்தது என்பதும் உண்மை.

"கீழன்னா எதுவரைக்கும்? எந்த எடத்துலருந்து மேல?" என்று ரேஞ்சர் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். மகேஸ்வரி எழுந்தாள்.

"ரெட்டைப் பாறைக்குக் கீழ கன்னு இருக்குங்க சார். பாறைக்கு மேல பத்து எட்டு வைக்கிற தூரம் வரைக்கும் ஒண்ணு ரெண்டு. அதுக்கும் மேல இல்லைங்க. வேணும்னா கயிறு கட்டித் தாரேன்."

பின்வரிசையில் அவள் அப்பா பக்கத்து ஆளிடம், "அவ சொன்னா சரியா இருக்கும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

கயிறு கட்டினாள். பாறைக்கு மேலே மட்டும் வெட்டினார்கள். நினைத்ததைவிடக் குறைந்த நாள் வேலைதான் அவர்களுக்குக் கிடைத்தது. அதற்காக அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் ஊரில் இருந்தார்கள். சரியாகச் சொன்னால் எல்லாம் சரியாக முடியும் என்று நான் உங்களுக்கு எழுத மாட்டேன். ஆய்வகத்தில், அன்று இருந்த அதே மாணவர்களிடம் என் தவறைச் சொன்னேன். சிலர் தலைகுனிந்து கேட்டார்கள். ஒருவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேஞ்சர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கல்லூரியில் எனக்கு இருந்த கடைசி வாரத்தில் மகேஸ்வரியிடம், "கிழக்குச் சரிவுக்கு வர்றியா?" என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் நாடாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் எழுதிக் கொடுத்து, வெட்டி வெறுமையாக்கிய சரிவு. அதன் நிழலில் என்ன முளைத்திருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நிழல் போய் வெயில் பட்டதும், மண்ணில் காத்துக்கிடந்த வாட்டில் விதைகளெல்லாம் ஒன்றாக எழுந்துவிட்டன. நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக, என் தோள் உயரத்துக்கு நின்றன. புல்லுக்கு அங்கே இடமே இல்லை.

மகேஸ்வரி நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க மேடம். நான் உள்ள போயி இருக்குறத ஒவ்வொண்ணா சொல்லுறேன், நீங்க எழுதுங்க."

பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நாலு அடி போனதும் அவள் மறைந்துவிட்டாள். நாடா மட்டும் வெள்ளைக்குள் நீண்டு, கொஞ்சம் கொஞ்சமாக என் கையில் இழுபட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாட்டில்."

எழுதினேன்.

"வாட்டில். வாட்டில். இன்னொரு வாட்டில்."

ஒன்று விடாமல் எழுதினேன்.